கோப்பையின் அடியில் ஐந்து முத்திரை

உள்ளங்கையில் அடங்கிவிடும் வெள்ளிக் கோப்பை அது, குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பரிசாகக் கொடுப்பது. உயரம் எட்டரை சென்டிமீட்டர், எடை 110 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. உள்பக்கம் தங்க முலாம். வெளியே சுற்றிலும் பெரணி இலைகள் செதுக்கியிருக்கிறது. நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ஆலிஸ் என்ற பெயர், பெயருக்குக் கீழே பிப்ரவரி 1876.

பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழம்பொருள் சந்தை ஒன்றில் அதை வாங்கினேன். அடி விளிம்பில் ஐந்தாறு ஒடுக்கு. வலது கையால் பிடித்துக் குடித்தால் வாய் படும் இடத்தில், பல் பதிந்த மாதிரி இரண்டு சின்னக் குழி. விற்ற பெரியவர் அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அவராகவே விலையைக் குறைத்தார். எனக்கு அந்தக் கோப்பையைப் பிடித்ததே அந்த ஒடுக்குகளால்தான். ஒரு குழந்தை பால் குடித்துவிட்டு மேசையில் டொக் டொக்கென்று தட்டியிருக்கிறது. பல் முளைக்கிற ஈறு அரிப்பில் விளிம்பைக் கடித்திருக்கிறது. 150 வருஷம் கழித்தும் வெள்ளி அதை அப்படியே வைத்திருக்கிறது.

நான் வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. எதிர்வீட்டில் கொலுசுப் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன். வெண்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் மாமா ஊதும்போது துண்டுகளை ஒட்டவைக்கும் பற்று உருகி ஓடிப் பிடிக்கிற அந்த ஒரு நொடி எனக்கு அலுத்ததே இல்லை. அதனால் எந்த ஊரில் வெள்ளியைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்த்துப் பற்று எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவேன். இந்தக் கோப்பையையும் அப்படித்தான் கவிழ்த்தேன். அடியில் ஐந்து முத்திரைகள் வரிசையாக இருந்தன.

ஒவ்வொன்றும் ஒரு கடுகு, மிஞ்சிப்போனால் ஒரு உளுந்து அளவு. முதலில் ஜி, யூ என்று இரண்டு எழுத்து. அடுத்து நங்கூரம். அதற்கடுத்து ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். பிறகு கோதிக் வடிவத்தில் சின்ன ‘ஏ’. கடைசியில் விக்டோரியா ராணியின் தலை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, சொத்துப் பத்திரத்தைப் பிரித்து வாசிப்பது போலத்தான் இருந்தது.

சிங்கம் என்றால் 92.5 வெள்ளி. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. 1544 முதல் இங்கிலாந்தில் இருக்கும் அடையாளம் அது. ராணியின் தலை வரி கட்டியதற்கான ரசீது. 1784-ல் வெள்ளிக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டபோது, கட்டிய பொருளின்மேல் அப்போதைய அரசரின் தலையைக் குத்த ஆரம்பித்தார்கள். 1890-ல் வரி போனது, தலையும் போனது. ஆகவே தலை இருந்தாலே அந்த நூறு வருஷத்துச் சாமான் என்று சொல்லிவிடலாம். எழுத்து ஆண்டைக் குறிக்கும். பர்மிங்ஹாமில் அந்த ‘ஏ’ 1875. எழுத்து மாறியது ஜனவரியில் இல்லை, ஜூலையில். அதனால் 1875-ன் எழுத்து 1876-ன் பாதிவரை ஓடும். பிப்ரவரியில் ஆலிஸுக்கு ஞானஸ்நானம், கோப்பை அதற்குச் சில மாதம் முன்புதான் பட்டறையிலிருந்து வந்திருக்கிறது. முத்திரையும் செதுக்கிய தேதியும் ஒத்துப்போனதைக் கண்டபோது சந்தைக்கு நடுவிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஜி, யூ ஜார்ஜ் யுனைட். பர்மிங்ஹாமில் ஜோசப் வில்மோர் என்ற கைதேர்ந்த வெள்ளி வேலைக்காரரிடம் தொழில் கற்று, 1832-ல் தன் பெயரில் தனி முத்திரை பதிந்துகொண்டவர். பட்டறை கரோலின் தெருவில் இருந்தது. கிலுகிலுப்பை, பொடி டப்பி, குட்டிக் கரண்டி, குழந்தைக் கோப்பை என்று கைக்கு அடக்கமான சாமான்களுக்குப் பெயர் போனவர். பிரபுக்களின் மேசைக்குப் பெரிய பெரிய பாத்திரங்கள் செய்த லண்டன்காரர்களைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் உண்டு. எனக்கோ இந்தச் சின்னச் சாமான்காரர்கள்மேல்தான் ஆசை. நடுத்தரக் குடும்பத்துக் குழந்தை கையில் போய்ச் சேர்ந்தது இவர்கள் செய்ததுதானே.

நங்கூரத்துக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு எதற்கு நங்கூரம்? 1773 வரை இந்த ஊரில் செய்த வெள்ளியைச் சோதித்து முத்திரை வாங்க செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். எழுபது மைலுக்கு மேல் வண்டிப் பயணம். வழியில் சாமான் நசுங்கும், தாமதமாகும், புதிய வடிவத்தை யாராவது பார்த்துக் காப்பியடிக்கவும் கூடும். சோஹோ தொழிற்சாலையை நடத்திய மேத்யூ போல்டன் இதற்காக நாடாளுமன்றம்வரை போய் மல்லுக்கட்டினார். கூடவே ஷெஃபீல்டுக்காரர்களும் தங்கள் ஊருக்குக் கேட்டார்கள். லண்டன் ஆசாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் 1773-ல் இரண்டு ஊருக்கும் சோதனைக்கூடம் கிடைத்தது. அந்த முயற்சிக்காகக் கூடிப் பேசிய லண்டன் விடுதியின் பெயர் ‘கிரௌன் அண்ட் ஆங்கர்’. அதிலிருந்துதான் ஷெஃபீல்டு கிரீடத்தையும் பர்மிங்ஹாம் நங்கூரத்தையும் எடுத்துக்கொண்டன என்று சொல்வார்கள். ஷெஃபீல்டு 1975-ல் கிரீடத்தை விட்டுவிட்டு ரோஜாவுக்கு மாறிவிட்டது. பர்மிங்ஹாம் இன்றும் நங்கூரத்தைத்தான் குத்துகிறது.

சரி, ஞானஸ்நானத்துக்கு ஏன் வெள்ளி? நம்மில் பேர் வைக்கிற அன்று காப்பும் கொலுசும் அரைஞாணும் போடுகிறோமே, அதே மனசுதான். குழந்தைக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று கொடுக்கும் முதல் பொருள் கெடாததாக, கஷ்டகாலத்தில் கைகொடுப்பதாக இருக்க வேண்டும். அங்கே அதைச் செய்வது தாய்மாமனும் அத்தையும் அல்ல, ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். அவர்கள் பழைய காலத்தில் கொடுத்தது கோப்பை இல்லை, கரண்டி.

அப்போஸ்தலர் கரண்டி என்று பெயர். காம்பின் நுனியில் ஒரு அப்போஸ்தலரின், அதாவது இயேசுவின் பன்னிரண்டு முதன்மைச் சீடர்களில் ஒருவரின், சின்ன உருவம் நிற்கும். பன்னிரண்டு பேரோடு இயேசுவையும் சேர்த்துப் பதிமூன்று கரண்டி ஒரு முழு செட். 15-ம் நூற்றாண்டிலிருந்து 17-ம் நூற்றாண்டுவரை இங்கிலாந்தில் இதுதான் ஞானஸ்நானப் பரிசுகளில் பெரிய பரிசு. வசதி உள்ளவர்கள் முழு செட் கொடுப்பார்கள். இல்லாதவர்கள் குழந்தைக்கு எந்த அப்போஸ்தலரின் பெயரோ அவர் உருவம் உள்ள ஒரே ஒரு கரண்டி. ஷேக்ஸ்பியரின் எட்டாம் ஹென்றி நாடகத்தில், குழந்தை எலிசபெத்துக்கு ஞானத்தகப்பனாக இருக்கத் தயங்கும் பேராயர் கிரான்மரைப் பார்த்து, கரண்டிச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறீரா என்று ராஜா சீண்டுவார். எந்தக் கரண்டி என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1536-37 ஆண்டு முத்திரையோடு ஒரு செட் இருக்கிறது. அதற்கு முன்னால் நான் நின்ற நேரத்தில் வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. உருவங்கள் சுண்டுவிரல் நுனியளவு. தலைக்கு மேலே ஒளிவட்டம் ஒரு சின்னத் தட்டு மாதிரி. முகம் எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் கையில் வைத்திருப்பதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். சாவி என்றால் பேதுரு. எக்ஸ் வடிவச் சிலுவை அந்திரேயா. கிண்ணம் யோவான். தோலுரிக்கும் கத்தி பர்தொலொமேயு. ஈட்டி என்றால் தோமா.

தோமாவுக்கு ஏன் ஈட்டி என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது நம் பக்கத்து மரபு. சாந்தோம் பேராலயம் அவர் கல்லறை மேல்தான் நிற்கிறது என்று நம்புகிறோம். அந்தக் கதை ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்து, தேவாலயச் சிற்பங்கள் வழியாக ஓர் ஆங்கில வெள்ளி ஆசாரியின் அச்சுக்குள் இறங்கி, ஏதோ ஒரு ஊரில் தாமஸ் என்று பேர் வைத்த குழந்தையின் கஞ்சிக் கிண்ணத்தில் கிடந்திருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது சின்ன வயதில் பரங்கிமலைப் படியேறியது ஞாபகம் வந்தது.

உருவத்தை அச்சில் வார்த்துத் தனியாக எடுப்பார்கள். பிறகு காம்பில் பற்றவைப்பார்கள். இதில் நுணுக்கம் என்னவென்றால், லண்டன்காரர்கள் காம்பின் நுனியை ‘வி’ மாதிரி வெட்டி, உருவத்தின் அடியை ஆப்பு போல அதற்குள் இறக்கிப் பற்றுவைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டையும் பாதிப்பாதி சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்தார்கள். காம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். போலிகளைக் கண்டுபிடிக்கவும் இந்த இடம்தான் உதவும். 18-ம் நூற்றாண்டுச் சாதாரணச் சாப்பாட்டுக் கரண்டியை அடித்து வடிவம் மாற்றி, மேலே ஒரு அப்போஸ்தலரை ஒட்டி, பழைய கரண்டி என்று விற்றவர்கள் நிறைய. சந்தேகம் வந்தால் வாயால் ஊதிப் பாருங்கள். மூச்சுப் பனி படியும்போது பற்று ஓடிய இடம் தனியாகக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவோமே, அந்த ஊதல்தான்.

1640-களின் உள்நாட்டுப் போரில் எவ்வளவோ வெள்ளி உருக்கப்பட்டு நாணயமானது. அதற்கப்புறம் அப்போஸ்தலர் கரண்டிப் பழக்கம் தேய்ந்தது. பின்னாலே கோப்பையும் கிலுகிலுப்பையும், விக்டோரியா காலத்தில் கத்தி-முள்-கரண்டிப் பெட்டியும் வந்தன. அந்தப் பெட்டிகளைச் சந்தையில் இன்றும் நிறையப் பார்க்கலாம். உள்ளே நீலப் பட்டு, மேலே தோல். கத்தியும் முள்ளும் பளபளவென்று புதிதாக இருக்கும். கரண்டி மட்டும் தேய்ந்திருக்கும்.

ஆனால் முதன்முதலில் பார்த்தபோது நான் அப்படியே நின்றுவிட்டது ‘பேப் போட்’ என்ற சாமானுக்குத்தான். ரொட்டியைப் பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குழந்தைக்கு ஊட்ட 18-ம் நூற்றாண்டில் செய்தது. கைப்பிடி கிடையாது, மூடி கிடையாது. படகு மாதிரி ஒரு கிண்ணம், ஒரு பக்கம் நீண்ட மூக்கு. நம் வீட்டுப் பாலாடையேதான்! ஒரு குழந்தையின் வாய்க்குள் சிந்தாமல் பால் போக வேண்டுமென்றால் வெள்ளியை எப்படி வளைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, கும்பகோணத்து ஆசாரியும் லண்டன் ஆசாரியும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரே விடையைத் தந்திருக்கிறார்கள். என்னை அம்மா பாலாடையில் ஊட்டியதை நான் பார்த்ததில்லை, தங்கைக்கு ஊட்டியதைப் பார்த்திருக்கிறேன். தலையைக் கொஞ்சம் தூக்கி, கடைவாயில் மூக்கை வைத்து, சொட்டுச் சொட்டாக.

கிலுகிலுப்பையும் அப்படித்தான். ஒரு முனையில் விசில், நடுவில் இரண்டடுக்காகக் குட்டி மணிகள், மறுமுனையில் விரல் நீளப் பவளம். குழந்தை கடிக்கப் பவளம், ஈறுக்கு நல்லது என்றார்கள். கண்ணேறு படாது என்பது அதற்குப் பின்னால் இருந்த பழைய நம்பிக்கை, ரோமர் காலத்திலிருந்து வருவது. ஜார்ஜ் யுனைட் செய்த கிலுகிலுப்பைகளில் எல்லா மணியும் இருப்பது அபூர்வம். ஒன்றிரண்டு எப்போதும் உதிர்ந்திருக்கும்.

செய்தவர்களில் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுபவர் ஹெஸ்டர் பேட்மன். 1708-ல் பிறந்தவர். கணவர் ஜான் சங்கிலி செய்யும் தொழிலாளி. 1760-ல் அவர் இறந்தபோது தன் தொழில் கருவிகளை மனைவிக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மறுவருஷமே ஹெஸ்டர் லண்டனின் சோதனைக்கூடமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குப் போய்த் தன் பெயரில் முத்திரை பதிந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பன்ஹில் ரோ என்ற தெருவில் பட்டறை. பிள்ளைகள், மருமகள், பின்னால் பேரன் என்று குடும்பமே அதில் இறங்கியது. வெள்ளித் தகட்டை உருளையில் மெல்லிதாக இழுத்து, எடையைக் குறைத்து, நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கரண்டியும் உப்புக் கிண்ணமும் பால் ஜாடியும் செய்தார். விளிம்பில் மணி கோத்த மாதிரி ஒரு வரிசை, உடம்பில் சாய்வாக வெட்டி மின்னவைத்த செதுக்கு, இரண்டும் சேர்ந்தால் பேட்மன் பட்டறையை நினைவுபடுத்தும். தகடு ரொம்ப மெல்லிசு என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கனமான வெள்ளியைப் பணக்காரர்கள் மட்டும்தான் வாங்க முடியும். 1790-ல் பட்டறையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுத்தார், 1794-ல் காலமானார். அவருடைய சாய்வெழுத்து முத்திரை உள்ள சின்ன டீ கரண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. விசேஷ நாளில் மட்டும் சர்க்கரை டப்பாவுக்கு வரும்.

ஹெஸ்டர் பெயராவது நிலைத்தது. ஆனால் முத்திரையில் இருப்பது பட்டறைக்காரரின் பெயர்தான், அடித்தவர் பெயர் இல்லை. ஆலிஸின் கோப்பையை ஜார்ஜ் யுனைட் கையால் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். 1875-ல் ஒரு கோப்பைக்குத் தகட்டை வளைத்தவர் ஒருவர், கைப்பிடியை அச்சில் அடித்தவர் ஒருவர், பற்றவைத்தவர் ஒருவர், பெரணி இலை செதுக்கியவர் ஒருவர், முலாம் பூசியவர் இன்னொருவர். முலாம் மட்டும் அந்தத் தலைமுறைக்குக் கொஞ்சம் நல்லபடியாக மாறியிருந்தது. அதற்கு முன்பு தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து தடவி நெருப்பில் காட்டுவார்கள், அந்தப் புகை ஆளைத் தின்றுவிடும். 1840-ல் இதே பர்மிங்ஹாமில் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அந்தக் கொடுமை மெல்லக் குறைந்தது.

அச்சு வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் பர்மிங்ஹாம் ஆல்பியன் தெருவில் ஜே. டபிள்யூ. எவன்ஸ் பட்டறை இருக்கிறது. 1881-ல் தொடங்கியது. 2008-ல் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு வாங்கி அப்படியே காப்பாற்றிவிட்டது. சாதாரண வரிசை வீடுகள்தான். உள்ளே போனால் தரையிலிருந்து கூரைவரை எஃகு அச்சுகள், ஆயிரக்கணக்கில். கயிற்றை இழுத்து மேலே ஏற்றிய சம்மட்டியை விட்டால் அச்சின்மேல் விழுந்து தகடு வடிவமாகும். எண்ணெய் வாசனையும் இரும்புத் தூசியும் கலந்து மூக்கில் ஏறியபோது செவ்வாய்ப்பேட்டைத் திண்ணைக்கே போய்விட்டேன்.

ஷெஃபீல்டில் மெருகு போட்டது பெண்கள். பஃபர் கேர்ல்ஸ் என்று பெயர். சுழலும் சக்கரத்தில் மணலும் எண்ணெயும் குழைத்துக் கரண்டி, முள் எல்லாவற்றையும் தேய்ப்பார்கள். அழுக்கு தெறிக்கும் என்று ஏப்ரனுக்கு மேலே பழுப்புக் காகிதத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். தலையில் துணி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. சாயங்காலம் முகம் முழுக்கக் கறுப்பு. குழந்தையின் உதட்டில் உறுத்தக் கூடாத அந்த வழவழப்பு அந்தப் பெண்களின் கை. எந்தக் கரண்டியிலும் அவர்கள் பெயர் இல்லை.

ராஜ குடும்பத்துக் கதையும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியாவின் முதல் குழந்தைக்காக 1840-ல் பார்னர்ட் பட்டறை தங்க முலாமிட்ட வெள்ளியில் ஞானஸ்நானத் தொட்டி ஒன்று செய்தது. விளிம்பெல்லாம் அல்லிப் பூவும் இலையும். இப்போது லண்டன் கோபுரத்தில் இருக்கிறது, ராஜ குடும்பத்து ஞானஸ்நானம் என்றால் எடுத்துக்கொண்டு போவார்கள். அழகுதான். ஆனால் அதில் ஒரு ஒடுக்கு கூட இல்லை.

1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது வீட்டுப் பரணில் கிடந்த பழைய வெள்ளி எல்லாம் உருக்கு உலைக்குப் போனது. பெயர் செதுக்கிய கோப்பைகள்தான் முதலில் போயிருக்கும். பெயர் இருந்தால் அடுத்தவர் வாங்கமாட்டார், கடைக்காரருக்கு அது வெறும் எடை. அதனாலேயே பெயரை அரத்தால் தேய்த்து அழித்தும் விற்றிருக்கிறார்கள். பழைய கோப்பையை விரலால் உள்ளேயும் வெளியேயும் தடவிப் பாருங்கள், நடு வட்டத்தில் தகடு திடீரென்று மெலிந்து அமுங்கினால் அங்கே ஒரு குழந்தையின் பெயர் இருந்திருக்கிறது.

எனக்கே அப்படி ஒரு இழப்பு உண்டு. சில வருஷம் முன்பு கிரீட முத்திரை போட்ட ஒரு குழந்தைக் கரண்டி வாங்கினேன். காம்பில் நூல் மாதிரி ஒரு பெயரும் பிறந்த நேரமும். கறுப்பை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து வாங்கப் போனால் கண்ணாடி மாதிரி மின்னியது. எந்திரத்தில் வைத்து மெருகு போட்டிருந்தார்கள். பெயர் இருந்த இடத்தில் நிழல்கூட இல்லை. புதுசு மாதிரி ஆக்கிவிட்டோம் என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒன்றும் பேச முடியவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து என் வெள்ளியை நானே வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு, பழைய பருத்திப் புடவைத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். மடிப்புகளில் நிற்கும் கறுப்பை எடுக்கமாட்டேன். செதுக்கு கண்ணுக்குத் தெரிவதே அந்தக் கறுப்பால்தான்.

போன வருஷம் கோவென்ட்ரியில் இருக்கும் தங்கைக்குப் பெண் பிறந்தது. எழில் என்று பேர். ஞானஸ்நானத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டதும் ஆலிஸின் கோப்பையைக் கொடுக்கிறேன் என்றேன். “அக்கா, வேற பிள்ளை பேர் இருக்கே அதுல” என்றாள். பழைய கோப்பைகளில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவது இங்கே சகஜம் என்றேன். ஆலிஸ் நமக்கு என்ன உறவு என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோப்பையை அவள் கையில் கொடுத்தேன். விளிம்பில் இருந்த பல் தடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சரி, ஆனா அவ பேரை அழிக்காதே என்றாள்.

பர்மிங்ஹாமில் நகைப் பட்டறைகள் நிறைந்த ஜுவல்லரி குவார்ட்டர் பகுதியில் கையால் செதுக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டார். உளி போகும் திசை தப்பினால் வெட்டு உயிரில்லாமல் கிடக்கும் என்றார். ‘எ’ சொன்னேன். ‘ழி’க்கு மட்டும் நான்கு முறை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அவரும் விரலால் மேசையில் எழுதிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கோப்பையை மணல் நிரப்பிய தோல் பைமேல் சாய்த்து, கையை அசைக்காமல் கோப்பையை மட்டும் மெல்லத் திருப்பித் திருப்பி வெட்டினார். ஆலிஸுக்கு அரை விரற்கடை கீழே. உளிக்கு முன்னால் மயிரிழைபோல வெள்ளிச் சுருள் எழுந்து எழுந்து உதிர்ந்தது. முடித்ததும் தூரிகையால் அந்தச் சுருள்களை மடிக்குக் கீழே கட்டியிருந்த தோலில் தள்ளிவிட்டார். வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கக் கொடுப்பாராம். எதிர்வீட்டு மாமாவும் பட்டறைத் தூசியை இப்படித்தான் சேர்த்து வைப்பார் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். சேலம் என்றேன்.

எழில் இப்போது அந்தக் கோப்பையில் தண்ணீர் குடிக்கிறாள். போன வாரம் மேசையில் தட்டியிருக்கிறாள். புதிதாக ஒரு ஒடுக்கு.